செயற்கைக்கோள் இருக்கும்போது கடற்கரையில் மனிதர்கள் எதற்கு?

விலங்கியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. லிட்டில் அந்தமான் தீவில் ஏழுவரி ஆமைகள் என்னும் பெரிய கடலாமைகளைத் தடமறியும் களப்பயணத்தில் உதவியாளராகச் சேர அவருக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. ஆமையின் முதுகில் ஒரு கருவியைப் பொருத்திவிட்டால் அது போகுமிடமெல்லாம் செயற்கைக்கோள் வழியாகத் தெரிந்துவிடும் என்னும்போது, தொலைதூரத் தீவொன்றின் கடற்கரையில் மாதக்கணக்கில் ஆட்கள் தங்க வேண்டிய தேவை என்ன, அங்கே தமக்கு உண்மையில் என்ன வேலை இருக்கும், கேமராவை எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்.

ஆமைகள் முட்டையிடும் கடற்கரைகளில் சில பருவங்கள் இரவு நடை நடந்தவன் என்ற முறையில், முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆமை எங்கே போகிறது என்பதைத்தான் கருவி சொல்லும். அந்தத் தீவுக்கு எத்தனை ஆமைகள் வருகின்றன, மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்தவற்றில் எத்தனை உயிரோடு திரும்பியிருக்கின்றன, வந்தவை முட்டையிட்டனவா அல்லது மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டனவா என்பதையெல்லாம் மணலில் நடக்கும் ஆள்தான் சொல்ல வேண்டும். கருவியைப் பொருத்துவதற்கே பெரும்பாலும் ஆமை கரையேறியாக வேண்டும். கரையேறுவது முட்டையிட வரும் பெண் ஆமை மட்டுமே. அதுவும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் கரையில் இருக்கும். ஆண் ஆமையோ, குஞ்சாக மணலிலிருந்து கடலுக்குள் ஓடிய நாளுக்குப் பிறகு பெரும்பாலும் மறுபடி கரையை மிதிப்பதே இல்லை. ஆகவே, கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும் இந்த விலங்கைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி, அது கரையில் செலவிடும் அந்தச் சில மணி நேரங்களில் யாரோ ஒருவர் சரியான இடத்தில் விழித்திருந்தார் என்பதையே நம்பியிருக்கிறது.

இந்த வேலை எங்கிருந்து தொடங்கியது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. இந்தியத் தீவுகளின் ஆமைக் கடற்கரைகளை முதன்முதலில் முறையாகக் கணக்கெடுத்தவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிப்பை விட்டுவிட்டுச் சென்னைப் பாம்புப் பண்ணையின் வழியாகக் கடலாமைகளிடம் வந்து சேர்ந்தவர். 1970களின் பிற்பகுதியிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கரைகளைப் பெரும்பாலும் கால்நடையாகவே அளந்தார்; கிரேட் நிக்கோபாரின் கலத்தியா வளைகுடாவில் ஏழுவரி ஆமைகள் பெருமளவில் முட்டையிடுவதை உலகுக்குச் சொன்னவரும் அவரே. 1982ஆம் ஆண்டின் பருவமழைக் காலத்தில், படகுப் போக்குவரத்தே இல்லாத மாதங்களில், லட்சத்தீவுகளைச் சேர்ந்த சுஹேலித் தீவில் தன்னந்தனியாகத் தங்கிப் பேராமை என்னும் இன்னொரு வகைக் கடலாமைகளைக் கணக்கெடுத்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட, அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதை அஞ்சலில் சேர்த்தார் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கதை. என்னை அதைவிடவும் ஈர்த்தது அவருடைய குறிப்பேட்டு முறைதான். கையில் எந்தக் கருவியும் இல்லாமல், மணலில் விழுந்த சுவடுகளை எண்ணியே அவர் எழுதிவைத்த கணக்குகள், பின்னால் வந்த அத்தனை ஆய்வுகளுக்கும் அடித்தளமாயின.

2004 டிசம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கத்தில் கிரேட் நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. ஆழிப்பேரலை அந்தக் கரைகளை ஏறக்குறைய அழித்தேவிட்டது. பின்னர் மணல் மெல்ல மெல்ல மறுபடி சேர்ந்து கடற்கரைகள் உருவாயின என்றாலும், ஆமைகள் திரும்புகின்றனவா என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் தேவைப்பட்டது. லிட்டில் அந்தமானின் தெற்கு வளைகுடாவில் 2008இலும், அடுத்த சில ஆண்டுகளில் மேற்கு வளைகுடாவிலும் தொடர் கண்காணிப்பு தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். ஆண்டுதோறும் அதே கரை, அதே பருவம், அதே முறை என்று செய்யப்படுவதே அதன் மதிப்பு. ஓர் ஏழுவரி ஆமை ஆண்டுதோறும் முட்டையிட வருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் இடைவெளி விட்டே வருகிறது. ஓராண்டில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் ஆமைகள் அழிகின்றன என்றும் சொல்ல முடியாது, அடுத்த ஆண்டில் இரட்டித்தால் பெருகிவிட்டன என்றும் சொல்ல முடியாது. குறைந்தது பத்துப் பன்னிரண்டு பருவங்களின் கணக்கு கையில் இருந்தால்தான் வாய் திறக்கலாம். நீங்கள் போகும் பருவம் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி.

போய்ச் சேர்வதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து ஹட் பேக்குக் கப்பல். கடல் ஒத்துழைத்தால் ஒரு பகல் பயணம். அங்கிருந்து முகாமுக்குச் சாலை கிடையாது. டிங்கி என்று அங்கே சொல்லப்படும் சிறு படகில், அரிசி பருப்பிலிருந்து பேட்டரி வரை எல்லாவற்றையும் நீர்புகாத பீப்பாய்களில் அடைத்துக்கொண்டு, அலை உடையும் கரையில் இறங்க வேண்டும். தீவின் பெரும்பகுதி ஓங்கே மக்களின் காப்பகம். நூற்றுச் சொச்சம் பேரே எஞ்சியிருக்கும் அந்தப் பழங்குடியினரின் நிலத்தில், 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி அனுமதி பெற்றவர்கள் மட்டுமே நுழைய முடியும். வனத்துறையின் அனுமதி வேறு, பழங்குடியினர் நலத்துறையின் அனுமதி வேறு. ஒன்று வந்துவிட்டதால் மற்றொன்றும் வந்துவிடும் என்று எண்ணிக் கப்பலேறிவிடாதீர்கள். ஓங்கே மக்களைப் படமெடுப்பதும், அவர்களுக்குத் தின்பண்டமோ புகையிலையோ கொடுப்பதும் கூடவே கூடாது.

முகாமில் உங்களுக்கு வழிகாட்டப்போவது பெரும்பாலும் கரேன் சமூகத்து ஆட்களாக இருப்பார்கள். 1920களில் பர்மாவிலிருந்து வந்து வடக்கு, மத்திய அந்தமானில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்தமானில் நடக்கும் கள ஆய்வுகளில் முதுகெலும்பாக நிற்பவர்கள் அவர்களே. அலை எப்போது படகைத் தூக்கும், எந்தக் கழிமுகத்தில் இன்று முதலை நிற்கும், ஆமை இறங்கிப் போய் எவ்வளவு நேரமாயிற்று என்பதையெல்லாம் அவர்கள் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். தீவின் பொதுமொழி ஒருவகை இந்துஸ்தானி. கொஞ்சம் பேசப் பழகிக்கொண்டு போனால் இரண்டாம் வாரத்தில் பயன் தெரியும்.

இனி வேலைக்கு வருகிறேன். அந்தமான் கரைகளில் நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன: ஏழுவரி ஆமை, பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை. எந்த ஆமை வந்து போயிற்று என்பதை ஆமையைப் பார்க்காமலேயே சொல்லக் கற்பதுதான் முதல் பாடம். ஏழுவரி ஆமையும் பேராமையும் இரண்டு முன்துடுப்புகளையும் ஒரே நேரத்தில் வீசி உடலை இழுத்துக்கொண்டு நகர்பவை. ஆகவே சுவட்டின் இருபுறமும் துடுப்புக் குறிகள் எதிரெதிராக, சோடி சோடியாக விழும். பங்குனி ஆமையும் அழுங்காமையும் நாம் தவழ்வதுபோல் இடமும் வலமும் மாறி மாறி வைப்பவை. குறிகள் ஒன்றுக்கொன்று விலகி விழும். அதன் பிறகு அகலம். பங்குனி ஆமையின் சுவடு முக்கால் மீட்டர் அளவில் நிற்கும். பேராமையுடையது ஒரு மீட்டரைத் தொட்டுச் சற்றுத் தாண்டும். ஏழுவரி ஆமையின் சுவடு ஒன்றரை மீட்டருக்கு மேல், சில சமயம் இரண்டு மீட்டரையும் தாண்டிக் கிடக்கும். இரவில் முதன்முறையாக அதைப் பார்ப்பவர்கள், யாரோ படகைக் கரைக்கு இழுத்திருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள்.

சுவட்டில் நேரமும் எழுதியிருக்கும். ஆமை ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று என்று இரண்டு கோடுகள் மேலே காட்டோரம் வரை போய் வரும். கடல் ஏற்றத்தின்போது அலை எதுவரை வந்ததோ அதுவரை மணல் வழிக்கப்பட்டுச் சுவடு இல்லாமல் போகும். இறங்கிய தடம் அந்தக் கோட்டையும் தாண்டிக் கீழே நீளமாகப் போயிருந்து, ஏறிய தடம் மட்டும் அந்தக் கோட்டோடு அறுந்து நின்றால், நீர் உச்சிக்கு ஏறுமுன் அது வந்து, நீர் வற்றத் தொடங்கிய பிறகு திரும்பியிருக்கிறது என்று பொருள். இரண்டு தடங்களும் கோட்டோடு அறுந்திருந்தால், உச்ச ஏற்றத்துக்கு முன்பே வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டும் கீழே வரை நீண்டிருந்தால், உச்சிக்குப் பிறகே வந்திருக்கிறது. அப்படியானால் நம்முடைய எந்த நடையின்போது தவறவிட்டோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். அன்றைய ஏற்ற வற்ற அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் இந்தக் கோடுகளைப் படிப்பது, எனக்கு ஆமையைப் பார்ப்பதற்குச் சற்றும் குறையாத இன்பமாகவே இருந்தது.

நடைக்கு ஒரு கணக்கு உண்டு. ஆமை கரையில் இருப்பது ஒன்றரை மணி நேரம் என்றால், கரையின் எந்தப் புள்ளியையும் யாராவது ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் கடந்தாக வேண்டும். இல்லையென்றால் ஆமை வந்து போனபின் சுவடுதான் மிஞ்சும். சுவட்டைப் பார்த்து இனத்தைச் சொல்லலாம், ஆளைச் சொல்ல முடியாது. ஆகவே கரையைப் பகுதிகளாகப் பிரித்து, இரண்டிரண்டு பேராக, இருட்டியதிலிருந்து விடியும்வரை மாறி மாறி நடப்பார்கள். தளர்ந்த மணலில் ஓர் இரவுக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்பது முதல் வாரத்தில் கெண்டைக்காலை இறுக்கிவிடும். விளக்கு எரியாது, தலையில் மாட்டிய டார்ச்சின்மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும், அதையும் தேவைப்பட்டால்தான் போடுவார்கள். பத்து நாளில் நட்சத்திர வெளிச்சமே போதுமானதாகிவிடுகிறது.

கரையேறிய ஆமையைக் கண்டவுடன் நீங்கள் செய்ய வேண்டியது, அசையாமல் உட்கார்வது. அலைவிளிம்பிலிருந்து மேலே ஏறும்போதும், உடல் பதியும் குழியைத் தோண்டும்போதும் அது மிகவும் மிரட்சியோடிருக்கும். யாராவது குறுக்கே நடந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். உடல்குழியில் அமர்ந்தபின் பின்துடுப்புகள் மட்டும் வேலை செய்யத் தொடங்கும். ஒரு துடுப்பு உள்ளே இறங்கி, நுனியை நம் உள்ளங்கையைப்போல் மடக்கி, ஒரு பிடி ஈரமணலை அள்ளிக் கொண்டுவந்து ஓரத்தில் வைக்கும். வைத்த கணமே மறுபுறத் துடுப்பு முன்னால் கிடக்கும் மணலைத் தட்டிவிட்டுத் தன் முறைக்கு உள்ளே இறங்கும். கண்ணால் பார்க்க முடியாத ஒரு குழியை, முக்கால் மீட்டர் ஆழத்துக்கு, சுவர் சரியாமல் குடுவைபோல் அது தோண்டி முடிக்கும். சுறா கடித்துப் பின்துடுப்பு ஒன்று பாதியாகிப்போன ஆமையை ஒருமுறை பார்த்தேன். மிச்சமிருந்த குட்டைத் துண்டும் தன் முறை வரும்போதெல்லாம் தவறாமல் குழிக்குள் நீண்டு, ஒரு பிடி வெறுங்காற்றை அள்ளிக் கொண்டுவந்து வெளியே வைத்தது. எங்களில் யாரும் அப்போது பேசவில்லை.

முதல் முட்டை விழுந்ததும் நிலைமை மாறுகிறது. அதன்பின் ஆமை ஏறக்குறைய மயக்கத்தில் இருப்பதுபோல் தன்னில் ஆழ்ந்துவிடும். உங்களுக்குக் கிடைக்கும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம். ஒருவர் வளைநாடாவால் முதுகு ஓட்டின் நீளத்தை அளப்பார். ஓடு என்று சொல்கிறோமே தவிர, மற்ற ஆமைகளுக்கு இருப்பதுபோல் கெட்டியான தகடுகள் இதற்கு இல்லை; ரப்பர்போன்ற தோல்மேல் நீளவாட்டில் ஏழு வரப்புகள் ஓடுவதால்தான் ஏழுவரி என்ற பெயரே வந்தது. நீளம் பொதுவாக ஒன்றரை மீட்டர் அளவில் இருக்கும். இன்னொருவர் முட்டைகளை எண்ணுவார். எண்பது முட்டை அளவில் விழும், இறுதியில் மஞ்சள்கரு இல்லாத சிறு முட்டைகள் கோலிக்குண்டுபோல் வெவ்வேறு அளவில் வரும். அவற்றைத் தனியாக எண்ண வேண்டும். மூன்றாமவர் தோள்பட்டைமேல் படிப்பானை வைத்துத் தடவுவார்.

அந்தப் படிப்பான் தேடுவது, அரிசி மணியைவிடச் சற்றே நீளமான கண்ணாடி உறைக்குள் இருக்கும் ஒரு மின்னணுச் சில்லு. ஊசியால் தோள்தசைக்குள் செலுத்தப்படும் அதற்குப் பேட்டரி கிடையாது. படிப்பான் அனுப்பும் அலையின் ஆற்றலிலேயே விழித்துத் தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கிவிடும். ஆகவே பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். பின்துடுப்பில் மாட்டும் உலோகக் குறியட்டை, ஒரு பருவத்துக்கு வசதியானது, ஆனால் தோலைக் கிழித்துக்கொண்டு விழுந்துவிடும். சில்லின் எண் 15 இலக்கம். இங்கே என்னுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதிவிட்டேன். பருவம் முடிந்து கணினியில் ஏற்றியபோது, தவறாமல் வந்துகொண்டிருந்த ஓர் ஆமை காணாமல் போயிருந்தது. யாருமே சில்லு பொருத்தாத ஓர் ஆமை புதிதாகத் தோன்றியிருந்தது. அதே இரவு எழுதியிருந்த உலோக அட்டை எண் ஒத்துப்போனதால் குட்டு வெளிப்பட்டது. அதுமுதல் நான் இருந்த குழுக்களில் ஒருவர் எண்ணை உரக்கப் படிப்பார், இன்னொருவர் எழுதுவார், எழுதியவர் தாளைப் பார்த்துத் திரும்பப் படிப்பார். ஆமை போகும்வரை இந்த மூன்றும் நடந்திருக்க வேண்டும்.

முட்டையிட்டு முடித்ததும் அது குழியை மூடி, அழுத்தி, அதன்பின் முன்துடுப்புகளால் சுற்றிலும் மணலை வாரியிறைத்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து திரும்பும். இருபது நிமிடத்தில், ஒரு சிறிய அறை அளவு இடம் உழுத வயல்போல் ஆகிவிடும். குழி எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. முட்டையிடும்போதே குழியின் இடத்தை ஜி.பி.எஸ்.ஸிலும், காட்டோர மரங்களிலிருந்து நாடாவால் அளந்தும் குறித்துக்கொண்டிருந்தால்தான், அறுபது நாள் கழித்துக் குஞ்சுகள் எத்தனை வெளியேறின என்று பார்க்க முடியும். ஜி.பி.எஸ். மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் காட்டக்கூடியது; முக்கால் மீட்டர் ஆழத்திலிருக்கும் குழியைத் தேட அது போதாது. நாடா அளவை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஒரு பருவத்தில் அதே ஆமை ஒன்பது பத்து நாள் இடைவெளியில் நான்கைந்து முறையோ அதற்கு மேலோ வந்து முட்டையிடும். ஆகவே முகாமின் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கும். எந்த எண்ணுடைய ஆமை எந்த இரவில் வரக்கூடும் என்று அதில் முன்கூட்டியே குறித்திருப்பார்கள். பத்தாம் நாள் வராத ஆமை இருபதாம் நாள் வந்தால், இடையில் வேறு கரைக்குப் போயிற்றா, நம் கண்ணில் படாமல் வந்து போயிற்றா என்ற கேள்வி எழும். உதவியாளராகப் போகிறவருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் வருகிறது. இரவு முழுவதும் நடந்தும் ஓர் ஆமையையும் காணாத நாளில், குறிப்பேட்டில் தேதியையும், தொடங்கிய நேரத்தையும், முடித்த நேரத்தையும், நடந்த தூரத்தையும் எழுதி, "ஆமை இல்லை" என்று எழுத வேண்டும். மழையாலோ காய்ச்சலாலோ நடக்காத நாளில் "நடக்கவில்லை" என்று எழுத வேண்டும். இரண்டு நாளுக்கும் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டால், ஐந்தாண்டு கழித்து அதைத் திறப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். முதலாவது ஒரு தரவு. இரண்டாவது ஓர் ஓட்டை. ஓட்டையைத் தரவாக எண்ணிக் கணக்கிட்டால் ஆமைகள் குறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆர்வத்தோடு வருகிறவர்கள் ஆமை வந்த இரவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, வராத இரவுகளை விட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட கருவிக்கு வரலாம். ஏழுவரி ஆமைக்கு முன்பெல்லாம் பட்டைகளால் தோளைச் சுற்றிக் கட்டினார்கள். அது உடலை உராய்வதாலும், நீந்தும்போது இழுவையைக் கூட்டுவதாலும், இப்போது முதுகின் நடுவரப்பில் சிறு துளைகளிட்டு நேரடியாகவே பொருத்துகிறார்கள். தோலையும் எலும்பையும் தொடும் வேலை என்பதால் இதைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்வார்கள். உங்கள் பங்கு, மணல் படாமல் பொருள்களை எடுத்துக்கொடுப்பதும் நேரத்தைச் சொல்வதும்.

கருவி அனுப்பும் சமிக்ஞையை ஆர்கோஸ் என்னும் அமைப்பின் செயற்கைக்கோள்கள் பெறுகின்றன. பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து 1978இல் தொடங்கிய அமைப்பு அது. ஊதிக்கொண்டு நம்மைக் கடக்கும் ரயிலின் ஒலி, நெருங்கும்போது கூர்மையாகவும் விலகும்போது தடித்தும் கேட்பதை அறிவீர்கள். துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள் ஆமையை நெருங்கி விலகும்போது சமிக்ஞையின் அலைவெண்ணிலும் அதே மாற்றம் நிகழ்கிறது. அதைக்கொண்டு இடத்தைக் கணக்கிடுகிறார்கள். நீருக்குள்ளிருந்து இந்தச் சமிக்ஞை போகாது. கருவியிலிருக்கும் ஓர் உணரி, உப்புநீர் தன்னை விட்டு விலகியதை அறிந்த கணத்தில்தான் ஒலிபரப்பும். மூச்செடுக்க ஆமை மேலே வருவதோ சில நொடிகள். அந்த நொடிகளில் செயற்கைக்கோள் தலைக்குமேல் இருக்க வேண்டும். ஒருமுறை கடக்கும்போது நான்கு சமிக்ஞைகளாவது கிடைத்தால்தான் இடத்தின் துல்லியத்தை மதிப்பிட முடியும். நல்ல தரத்தில் கிடைத்தால் 250 மீட்டருக்குள் பிழை; மோசமான தரத்தில் பல கிலோமீட்டர். முதல் வாரத் தரவைத் திறக்கும்போது ஆமை ஒரு மலையுச்சியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அதிர்ச்சியடைய வேண்டாம். நிலத்தில் விழும் புள்ளிகளையும், இரண்டு புள்ளிகளுக்கிடையே ஆமையால் நீந்தவே முடியாத வேகத்தைக் காட்டும் புள்ளிகளையும் வடித்தெடுத்த பிறகே வரைபடத்தில் கோடு போடுவார்கள்.

அப்படிப் போடப்பட்ட கோடுகள் உண்மையிலேயே வியப்பூட்டுபவை. லிட்டில் அந்தமானில் 2011க்கும் 2014க்கும் இடையே 10 ஏழுவரி ஆமைகளுக்குக் கருவி பொருத்தப்பட்டது. ஒரே கரையில் முட்டையிட்ட அவற்றில் சில தென்கிழக்கே சுமத்ராவின் ஓரமாக இறங்கி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப்பக்கம் போயின. சில தென்மேற்கே முழு இந்தியப் பெருங்கடலையும் கடந்து மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கம் போயின. அவற்றில் ஒன்று 266 நாளில் 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி மொசாம்பிக் கடலை அடைந்தது. சொறிமுட்டைகளை, அதாவது ஜெல்லிமீன்களையே பெரிதும் தின்று வாழும் விலங்கு என்பதால், அவை திரளும் இடங்களைத் தேடியே இந்தப் பயணங்கள். இதை எந்தக் கடற்கரை நடையும் சொல்லியிருக்காது. ஒரு தீவின் கரையை மட்டும் காத்தால் போதாது, இரண்டு திசைகளிலும் பல நாடுகளின் மீன்பிடிப் பரப்புகளைக் கடந்துதான் இவை போய்வருகின்றன என்பது அந்தப் பத்துக் கோடுகளால்தான் நிலைநாட்டப்பட்டது.

ஆனால் அவை பத்தே கோடுகள். பத்தும் பெண் ஆமைகள். கருவி சில மாதங்களிலிருந்து ஓராண்டு அல்லது சற்று மேல்வரை உழைக்கும். பிறகு பேட்டரி தீரும், உணரியின்மேல் சிப்பிகளும் பாசியும் படியும், அல்லது கம்பி ஒடியும். ஒரு நாள் சமிக்ஞை நின்றுபோகும். கருவி செத்ததா, வலையில் சிக்கி ஆமையே செத்ததா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரால் சொல்ல முடியாது. மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் இரவில், அந்த ஆமையின் தோள்மேல் யாரோ படிப்பானைத் தடவும்போது அதே 15 இலக்கம் ஒளிர்ந்தால்தான் விடை கிடைக்கும். கடற்கரையில் ஆட்கள் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

ஆபத்துகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முகாமில் இவற்றை உங்களுக்குத் தினமும் சொல்வார்கள். பெரிய ஆபத்து உவர்நீர் முதலை. கரையைக் குறுக்கே வெட்டும் கழிமுகங்களை இரவில் கடக்க வேண்டியிருக்கும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில், கூட்டமாக, வெளிச்சம் அடித்துப் பார்த்த பிறகே கடக்க வேண்டும். பாத்திரம் கழுவவும் தண்ணீர் எடுக்கவும் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போகாதீர்கள். முதலை நம் பழக்கத்தைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும் விலங்கு. அடுத்தது மணல் ஈ. கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகி, ஈரப்பதத்தில் வாரக்கணக்கில் ஆறாது. முழுக்கைச் சட்டையும் தேங்காய் எண்ணெயும் பாதிக் காவல். மலேரியா உண்டு, ஆகவே பகலில் தூங்கும்போதும் கொசுவலைக்குள் தூங்குங்கள். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள். மழையில் நனைந்த தாளிலும் அது எழுதும், எழுதியது கரையாது. படிப்பானின் பேட்டரிகளை இரவு நடுவில் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் இருட்டில், தடவியே.

கேமராவை எடுத்துப் போகலாம். ஆனால் இரவு நடைக்கு அதை முகாமிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வெள்ளை வெளிச்சம் ஒரே ஒருமுறை பளிச்சிட்டாலும், கரையேறிக்கொண்டிருக்கும் ஆமை திரும்பிவிடும். காலை நடைக்கு அவசியம் கொண்டு போங்கள்: வெயில் சாய்ந்து விழும் ஆறு ஆறரை மணிக்குள், சுவட்டின் பக்கத்தில் அளவுநாடாவைக் குறுக்காக நீட்டி வைத்து, ஏறிய தடம் ஒரு படம், இறங்கிய தடம் ஒரு படம், மண் கிளறிய இடம் ஒரு படம் என்று எடுங்கள். எடுத்து முடித்ததும் இரண்டு தடங்களின் குறுக்கேயும் காலால் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். மறுநாள் வருபவர் அதே சுவட்டை மறுபடி எண்ணாமலிருக்க அதுதான் அடையாளம்.